ஹிக்குராங்கி கடலடித் தரவு: எஸ் அலை எல்லா நிலையத்திலும் பிந்தி வருகிறது, ஆழம் ஓரிடத்தில் நிற்கவில்லை

#1 கீழைக்காற்று

நியூசிலாந்தின் கிஸ்பர்ன் நகருக்குக் கிழக்கே, பசிபிக் தட்டு நியூசிலாந்துக்கு அடியில் புதையும் ஹிக்குராங்கி தட்டு எல்லையின் மேல் 2014 மே முதல் 2015 ஜூன் வரை இருந்த, ஹாபிட்ஸ் என்ற ஆய்வுத் திட்டத்தின் கடலடிக் கருவிகளின் தரவு பொதுவில் கிடைக்கிறது. அதிலுள்ள 15 நிலநடுக்கமானிகளையும் கரையிலுள்ள ஜியோநெட் (நியூசிலாந்தின் நிலநடுக்கக் கண்காணிப்பு வலையம்) நிலையங்களையும் சேர்த்து, அளவு 3-க்குக் குறைந்த நடுக்கங்களின் இடத்தையும் ஆழத்தையும் கணிக்கப் பார்க்கிறேன். முதலில் வரும் பி அலை, மெதுவாகப் பின்னால் வரும் எஸ் அலை இரண்டின் வருகை நேரங்களையும் கையால் குறித்தேன். கரை நிலையங்களுக்குப் பயன்படும் ஒற்றைப் பரிமாண (ஆழத்தோடு மட்டும் மாறும்) வேக மாதிரியையே கடலடி நிலையங்களுக்கும் கொடுத்தேன்.

பி அலையின் நேர எச்சம் (பதிவான நேரத்துக்கும் மாதிரி கணித்ததற்கும் உள்ள வேறுபாடு) கடலடி நிலையங்களில் 0.2 நொடி அளவில் இருக்கிறது. எஸ் அலையோ எல்லாக் கடலடி நிலையத்திலும் 1 முதல் 1.8 நொடி வரை பிந்துகிறது, ஒன்றில்கூட முந்தவில்லை. எஸ் நேரங்களைச் சேர்த்தால் நடுக்கங்கள் 25 கி.மீ. ஆழத்துக்கு இறங்கிவிடுகின்றன. எடுத்துவிட்டால் எல்லாம் ஒரே மட்டத்தில் பாய் விரித்த மாதிரி படுத்துக்கொள்கின்றன. அங்கே தட்டு எல்லை கடல்தரைக்கு அடியில் 15 கி.மீ.க்குள்தான். இரண்டு விடையையும் நம்ப முடியவில்லை. எங்கிருந்து சரிபார்க்க வேண்டும்?

#2 ஆழியான்

குறித்த நேரங்கள் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். கருவி எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது உங்கள் மாதிரியில் இல்லை, அதுதான் குறை.

கரை நிலையம் பாறைமேல் நிற்கிறது. கடலடிக் கருவி வண்டல்மேல் கிடக்கிறது. நீர் நிறைந்த புதுவண்டலில் பி அலை வினாடிக்கு 1.7 கி.மீ. போகும், எஸ் அலைக்கு 0.3 கி.மீ. வந்தாலே அதிகம், மேற்பரப்பை ஒட்டி அதைவிடக் குறைவு. 500 மீட்டர் வண்டல் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். எஸ் அதைக் கடக்க 1.67 நொடி. உங்கள் மாதிரி அங்கே 3 கி.மீ. வேகம் வைத்திருந்தால் அதற்கு 0.17 நொடிதான் ஒதுக்கியிருக்கும். மீதி 1.5 நொடி எச்சமாகிறது. பி அலைக்கு இதே கணக்கு: 0.29 நொடி ஆவதற்கு மாதிரி சுமார் 0.1 ஒதுக்கியது, எச்சம் 0.2. நீங்கள் சொன்ன இரண்டு எண்களும் அப்படியே வந்துவிட்டன.

ஆழம் ஏன் இறங்குகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. எஸ், பி இரண்டுக்கும் இடைவெளி கூடினால் நடுக்கம் தூரத்தில் இருக்கிறது என்று நிரல் நினைக்கும். சுற்றிலும் நிலையங்கள் இருப்பதால் பக்கவாட்டில் தள்ள முடியாது, எனவே கீழே தள்ளும்.

தடுப்பதற்கு ஒரு நேரடி அளவீடு உண்டு. கீழிருந்து வரும் பி அலை வண்டலின் அடித்தளத்தைத் தொடும்போது அதில் ஒரு பங்கு எஸ் ஆக மாறி, மெதுவாக மேலே வரும். கிடைமட்டப் பதிவுகளில் பி-க்குப் பின் 1 அல்லது 1.5 நொடியில் கூர்மையாக ஒரு எழுச்சி தெரியும். நடுக்கம் 10 கி.மீ. தள்ளி இருந்தாலும் 60 கி.மீ. தள்ளி இருந்தாலும் ஒரு நிலையத்தில் அந்த இடைவெளி ஏறக்குறைய மாறாது. மாறினால் அது வேறு அலை. ஒரு நிலையத்துக்கு இருபது முப்பது நடுக்கங்களில் அளந்து இடைநிலை மதிப்பை எடுங்கள். வண்டலில் எஸ் எடுக்கும் நேரத்திலிருந்து பி எடுக்கும் நேரத்தைக் கழித்தால் வருவது அதுதான்.

இதன் எதிர்ப்பக்கமும் உண்டு. ஆழத்திலிருந்து வரும் எஸ் அதே எல்லையில் பி ஆக மாறி, செங்குத்துப் பதிவில் உண்மையான எஸ்-க்கு முன்னாலேயே வந்துவிடும். எஸ் அலையைச் செங்குத்தில் குறித்தால் ஒரு நொடிக்கு மேல் முந்திப் போவீர்கள். உங்கள் எச்சங்கள் எல்லாம் பிந்துவதைப் பார்த்தால் கிடைமட்டத்தில்தான் குறித்திருக்கிறீர்கள். அது சரியான வழி.

#3 வடிகட்டி

ஆழியான் சொன்னதோடு ஒன்று. கருவி கடல்மட்டத்துக்கு 3,000 மீட்டர் கீழே இருப்பது உங்கள் நிரலுக்குத் தெரியுமா? பழைய ஹைப்போ-71 வழிவந்த நிரல்கள் பலவற்றில் எல்லா நிலையமும் ஒரே மட்டம். ஹைப்போடிடி 1.3-ம் நிலைய உயரத்தைக் கண்டுகொள்ளாது. நான்லின்லாக் ஆழத்தை நேரடியாக வாங்கிக்கொள்ளும். ஆனால் குறி முக்கியம்: அதில் கீழ்நோக்கியதுதான் நேர்க்குறி. உயரம் என்று நினைத்து மைனஸ் போட்டால் கருவி மலையுச்சிக்குப் போய்விடும், பிழைச் செய்தியும் வராது.

நடுக்க ஆழத்தை எதிலிருந்து அளக்கிறீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். கடல்மட்டத்திலிருந்தா, கடல்தரையிலிருந்தா? ஹிக்குராங்கி போன்ற ஆழங்குறைந்த எல்லையில் இந்த 3 கி.மீ. வேறுபாடுதான் நடுக்கம் தட்டு எல்லையிலா, மேல்தட்டிலா என்பதையே மாற்றும்.

#4 கீழைக்காற்று

நிலைய ஆழம் சரியாகத்தான் இருந்தது. மாறிய அலையை 11 நிலையங்களில் அளந்துவிட்டேன்: 1.1 முதல் 1.6 நொடி. அந்தத் திருத்தத்தைக் கொடுத்ததும் பெரும்பாலான நடுக்கங்கள் 6 முதல் 14 கி.மீ.க்குள் வந்துவிட்டன.

இனி எஞ்சிய எச்சங்களின் சராசரியை எடுத்து, நிலையத் திருத்தமாகச் சேர்த்து, மறுபடி ஓட்டி, எச்சம் சுழியாகும்வரை திரும்பத் திரும்பச் செய்யலாமா?

#5 ஆழியான்

> எச்சம் சுழியாகும்வரை திரும்பத் திரும்பச் செய்யலாமா?

இரண்டு சுற்றோடு நிறுத்துங்கள். எல்லா நிலையத்துக்கும் பொதுவாக 0.3 நொடி எஸ் திருத்தம் கொடுப்பதும், எல்லா நடுக்கத்தையும் இரண்டு மூன்று கி.மீ. மேலேற்றுவதும், பி-எஸ் வேக விகிதத்தைக் கொஞ்சம் மாற்றுவதும் கணக்குக்கு ஏறக்குறைய ஒன்றுதான். எச்சம் சுழியாகிவிடும், ஆழம் தவறாகவே இருக்கும். அதனால்தான் மாறிய அலையை அளக்கச் சொன்னது. அது நடுக்கத்தின் ஆழத்தைச் சாராத எண்.

திருத்தம் கணக்கிட எல்லா நடுக்கத்தையும் எடுக்காதீர்கள். வலையத்துக்கு உள்ளே இருப்பவை, நிலையங்களுக்கிடையிலான திசை இடைவெளி 180 பாகைக்குக் குறைந்தவை, மிக அருகிலுள்ள நிலையம் நடுக்க ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் இருப்பவை மட்டும். கடைசி நிபந்தனை பலரும் விட்டுவிடுவது. 10 கி.மீ. ஆழ நடுக்கத்துக்கு அருகிலுள்ள நிலையமே 40 கி.மீ. தள்ளி இருந்தால், பக்கத்திலிருந்து பார்த்து ஆழம் சொல்ல முயல்வதாகும். ஹிக்குராங்கியைக் கரை நிலையங்களால் மட்டும் பார்த்தபோது இருந்த குறையும் அதுவே. எல்லாக் கண்களும் ஒரே பக்கம்.

அந்தக் கடற்பகுதி ஏன் இவ்வளவு உழைப்புக்கு உரியது என்பதற்கு 1947 போதும். அந்த ஆண்டு மார்ச் 26-ல் கிஸ்பர்னுக்கு வெளியே வந்த நடுக்கம் கரையில் பெரிதாக உலுக்கவில்லை, ஆனால் சுனாமி சில இடங்களில் 10 மீட்டர் ஏறியது. மே 17-ல் கொஞ்சம் வடக்கே இன்னொன்று. அகழிக்கு அருகில், மிக ஆழங்குறைந்த பகுதி மெதுவாகக் கிழிந்தால் இப்படித்தான் நடக்கும். கரையில் நிற்பவருக்கு ஓடத் தோன்றாது. ஆழத்தில் 5 கி.மீ. பிழை வைத்துக்கொண்டு அந்தப் பகுதியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

#6 கீழைக்காற்று

நன்றி, இது மிகவும் தெளிவு. இன்னொரு குழப்பம். தானியங்கிக் குறிப்பானை (வருகை நேரங்களைத் தானாகக் குறிக்கும் நிரல்) ஓட்டினால் ஒரே நிலையத்தில் மட்டும் ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் 'நடுக்கங்கள்' வருகின்றன, ஒரு நொடிகூட நீடிக்காதவை. பக்கத்து நிலையத்தில் ஒன்றும் இல்லை. வேறு சில நேரங்களில் மணிக்கணக்கில் ஒரு முனகல் போல அதிர்வு. மெது நழுவலோடு (தட்டு எல்லை வாரக்கணக்கில் மெல்ல நழுவுவது) வரும் நடுக்கொலியாக (நீண்டு தொடரும் மெல்லிய அதிர்வு) இருக்குமா?

#7 வடிகட்டி

முதலாவது உலகம் முழுக்கக் கடலடிக் கருவிகளில் வருவது, குறுநேர நிகழ்வுகள் என்பார்கள். வண்டலிலிருந்து வளிமமும் நீரும் வெளியேறுவது ஒரு காரணம், மீனோ வேறு உயிரோ கருவியில் மோதுவது இன்னொன்று. எது எது என்று ஒவ்வொன்றாகப் பிரிக்க முடியாவிட்டாலும், மூன்று நிலையங்களில் பொருந்தும் வருகை நேரம் இல்லாததை நடுக்கப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. எஸ் அலை தனியாகத் தெரியாததும், ஹைட்ரோஃபோனில் (நீரொலி வாங்கி) தடயமே இல்லாததும் கூடுதல் சான்று.

20 ஹெர்ட்ஸ் அருகே ஒரு நொடி அளவு துடிப்பு, பத்து முப்பது நொடிக்கொருமுறை ஒழுங்காகத் திரும்பி வந்தால் அது துடுப்புத் திமிங்கிலம். ஹைட்ரோஃபோனில் அழகாகத் தெரியும், பல நிலையங்களிலும் வரும். மூன்று நிலைய விதி அதைத் தடுக்காது. அதனால் அந்த அலைவெண் பட்டையைத் தனியே பார்த்துக் கழிக்க வேண்டும்.

முனகலில்தான் கவனம் தேவை. கருவியின் மேலே கொடிக்கம்பம், கயிறு, மிதவை, ஆன்டெனா எல்லாம் நீட்டிக்கொண்டிருக்கும். நீரோட்டம் வேகம் பிடித்தால் அவை வீணைக் கம்பி போல அதிரும். அடிப்படை அலைவெண்ணும் அதன் மடங்குகளும் நிறமாலைப் படத்தில் கோடு கோடாக நிற்கும், ஓதத்தோடு சேர்ந்து எழுந்து அடங்கும். தட்டு எல்லை நடுக்கொலி 2 முதல் 8 ஹெர்ட்ஸுக்குள் அகலமாகப் பரவியிருக்கும், கோடுகள் இராது, அக்கம்பக்க நிலையங்களின் வீச்சு உறைகள் ஒன்றாக ஏறி இறங்கும். ஹாபிட்ஸ் தரவில் உண்மையான நடுக்கொலியும் இருக்கிறது: 2014-ன் மெது நழுவலையொட்டி, புதைந்துகொண்டிருக்கும் கடல்மலையைச் சுற்றி. அதனால் எல்லாவற்றையும் இரைச்சல் என்று தள்ளவும் வேண்டாம்.

குறிப்பான் எது? ஃபேஸ்நெட் கரைத் தரவில் பயின்றது. கடலடிக்குப் பிக்புளூ பொருத்தம், அது ஹைட்ரோஃபோனையும் சேர்த்து நான்கு பதிவுகளையும் பார்க்கும். ஆனால் மாறிய அலையை எஸ் என்று குறிக்கும் ஆபத்து எந்தக் குறிப்பானிலும் உண்டு. நீங்கள் அளந்து வைத்த 1.1 முதல் 1.6 நொடிக்குள் விழும் எஸ் குறிகளை எல்லாம் ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

#8 ஓதம்

கடல்தரையில் மேலுள்ள நீரின் அழுத்தத்தை அளக்கும் அழுத்தமானிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. ஹாபிட்ஸ் திட்டத்தின் பெரிய கண்டுபிடிப்பே அவற்றில்தான் இருந்தது.

கிஸ்பர்னுக்கு வெளியே ஒன்றரை இரண்டு ஆண்டுக்கொருமுறை தட்டு எல்லை சில வாரங்கள் சத்தமில்லாமல் நழுவும். 2014 செப்டம்பர் கடைசியில் அது கருவிகளுக்கு நேர் கீழேயே நடந்தது. கடல்தரை 1.5 முதல் 5.4 செ.மீ. வரை உயர்ந்ததை அழுத்தமானிகள் காட்டின, நழுவல் கடல்தரைக்கு 2 கி.மீ. அருகில்வரை ஏறிவந்திருந்தது. கரையில் உள்ள ஜிபிஎஸ்-ஐ மட்டும் வைத்து இதைச் சொல்லியிருக்கவே முடியாது.

கணக்கு எளிது: தரை 1 செ.மீ. உயர்ந்தால் மேலே உள்ள நீர் 1 செ.மீ. குறையும், அழுத்தம் சுமார் 1 ஹெக்டோபாஸ்கல் இறங்கும். உயர்ந்தால் எண் குறையும் என்பதைத் தலைகீழாகப் போடுகிறவர்கள் உண்டு. கடினம் வேறு இடத்தில். 3,500 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் ஏறக்குறைய 350 பார். அதில் 3 செ.மீ. நீர் என்பது லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஓதம் மீட்டர் கணக்கில் ஏறி இறங்குகிறது. நீரோட்டச் சுழல்கள் வாரக்கணக்கில் சில செ.மீ. ஆட்டுகின்றன. குவார்ட்ஸ் அழுத்தமானியோ தானாகவே ஆண்டுக்குச் சில செ.மீ. நகரும், முதல் சில வாரங்களில் வேகமாக, பிறகு நேர்கோட்டுக்கு அருகில்.

ஓதத்தைக் கழிப்பது எளிது. சுழல்களைக் கழிக்க, நழுவல் எட்டாத பசிபிக் தட்டின் மேல் ஒரு கருவியை வைத்து, மற்றவற்றிலிருந்து அதைக் கழித்தார்கள். கடல் அளிக்கும் ஆட்டம் பரந்த பரப்பில் பொதுவானது, தரையின் அசைவு அந்த இடத்துக்கே உரியது. ஆனால் ஆழம் மிக வேறுபட்ட இரு கருவிகளைக் கழித்தால் கடலின் ஆட்டமே முழுதும் கழியாது. ஒரே ஆழக்கோட்டில் உள்ள கருவிகளை இணை சேர்ப்பது நல்லது. திட்டமிடும்போதே இதை நினைக்காவிட்டால் பிறகு எந்த வடிகட்டியும் காப்பாற்றாது.

கருவியின் தன்னகர்வுக்கு இப்போது ஒரு மாற்று இருக்கிறது. குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு வால்வு திரும்பி, கடல்நீரின் அழுத்தத்துக்குப் பதில் கருவிக் கூட்டின் உள்ளே உள்ள காற்றின் அழுத்தத்தைச் சில நிமிடம் அளக்கும், மறுபடி கடலுக்குத் திரும்பும். உள்ளழுத்தம் வேறொரு காற்றழுத்தமானியால் தெரியும். வித்தியாசம் நகர்ந்தால் நகர்ந்தது கருவிதான்.

#9 கரைவலை

எல்லாரும் நியூசிலாந்து பற்றியே பேசுகிறீர்கள். 2004 டிசம்பர் 26-ல் கிழிந்தது சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை 1,300 கி.மீ. நாகப்பட்டினத்தை அடித்தது அந்த எல்லைதான். அங்கே இதைச் செய்தால் என்ன? ஜப்பான் மாதிரி கரையிலிருந்து கடலடிக்குக் கம்பி இழுத்துவிட்டால் கப்பலே வேண்டாமே?

#10 ஆழியான்

கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம்.

ஜப்பான் 2011 மார்ச் 11-க்குப் பிறகு ஜப்பான் அகழி நெடுக எஸ்-நெட் போட்டது: 150 நிலையங்கள், 5,500 கி.மீ.க்கு மேல் கம்பி. தெற்கே நான்காய் பகுதியில் டோனெட், 51 நிலையங்கள். நிகழ்நேரத் தரவு, முடிவில்லாத மின்சாரம், கரையிலிருந்தே சரியான நேரம். எச்சரிக்கைக்கு அதற்கு ஈடு இல்லை. ஆனால் தரம் ஒரே மாதிரி அல்ல. டோனெட்டில் ரோபோ வைத்துக் குழி எடுத்து உணரியைப் புதைத்தார்கள். எஸ்-நெட்டில் உணரி கம்பியோடு சேர்ந்த உருளைக்குள்ளேயே இருக்கிறது. ஆழம் குறைந்த பகுதியில் புதைத்திருக்கிறார்கள், ஆழ்கடலில் தரைமேல் கிடக்கிறது. வலுவாக உலுக்கினால் உருளை சற்று உருண்டுவிடும், பதிவில் அது தரையின் அசைவு போலத் தெரியும். கம்பி போன பாதையில் மட்டும்தான் நிலையம் என்பதும் ஒரு வரம்பு. குறிப்பிட்ட ஒரு கடல்மலையைச் சுற்றி 10 கி.மீ. இடைவெளியில் கருவி வேண்டுமென்றால் தாமாக விழுந்து எழும் கருவிகள்தான்.

அந்தமானில் எச்சரிக்கைக்கான ஏற்பாடு இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காயிஸ் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபர் முதல் இயங்குகிறது. வங்கக்கடலில் கடலடி அழுத்தப் பதிவிகளைச் சென்னையின் என்ஐஓடி (தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம்) இறக்கிப் பராமரிக்கிறது. அவை கடலடியிலிருந்து ஒலி மூலம் மிதவைக்கும், மிதவையிலிருந்து செயற்கைக்கோளுக்கும் பேசுபவை. சுனாமி கடந்து போவதைச் சொல்ல அவை. எல்லை எங்கே பூட்டியிருக்கிறது, எங்கே நழுவுகிறது என்று சொல்ல அடர்த்தியான நிலநடுக்கமானி வலையம் வேண்டும்.

அங்கே தீவுகள் வடக்குத் தெற்காக ஒரே வரிசை. அவற்றின்மேல் எத்தனை நிலையம் வைத்தாலும் கிழக்கு மேற்கு இடத்திலும் ஆழத்திலும் பிழை நீளும், அகழி மேற்கே ஆளில்லாத கடலில். கூடவே வண்டல். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வங்காள விசிறி கிலோமீட்டர் கணக்கில் தடிமன், அதுதான் அந்த அகழியையே நிரப்பிவிட்டது. கீழைக்காற்று கிஸ்பர்னில் பார்த்த 1.5 நொடி அங்கே இன்னும் பெரிதாகும். ஒரு நல்ல பக்கம், நிரம்பிவிட்டதால் நீராழம் அவ்வளவு இல்லை, கருவியை வைக்கும் வழக்கமான கண்ணாடிக் கோளமே தாங்கும். ஜப்பான் அகழியின் அச்சில் 7,000 மீட்டருக்கு மேல் போவதால் அவர்கள் பீங்கான் கோளம் செய்ய வேண்டிவந்தது.

#11 கீழைக்காற்று

கேட்க நினைத்தது அதுவேதான். அடுத்த ஆண்டு ஒரு கடலடிக் கருவிப் பயணத்தில் மாணவ உதவியாளராகப் போக வாய்ப்பிருக்கிறது. தரவில் பார்க்கும் பிழைகள் கப்பலின் டெக்கில் எங்கே பிறக்கின்றன என்று தெரிந்துகொண்டு போக ஆசை. கருவிகளைக் கப்பலில் கையாளும் திருகாணி அண்ணா இந்த இழையைப் பார்த்தால் சொல்லுங்கள்.

#12 திருகாணி

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீளமாக வரும்.

முதலில் கோளம். 17 அங்குலக் கண்ணாடிக் கோளம், இரண்டு அரைக்கோளங்கள், நடுவில் ரப்பர் கிடையாது. தேய்த்து மெருகேற்றிய இரு கண்ணாடி விளிம்புகள் நேருக்கு நேர் உட்காருகின்றன, கடலே அழுத்தி மூடுகிறது. 6,700 மீட்டர் வரை தாங்கும். அந்த விளிம்பில் ஒரு மணல்துகள், ஒரு தலைமுடி, ஒரு கைரேகை எண்ணெய் இருந்தாலும் சுமை அங்கே குவிந்து, கண்ணாடி செதில் செதிலாகப் பெயரும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் நூல் பிரியாத துணியும் கொண்டு துடை, நகம் வைத்து விளிம்பைத் தடவிப் பார், செதில் இருந்தால் அந்தக் கோளம் ஆழத்துக்குப் போகாது. உள்ளே சிலிக்கா ஜெல் வை, மூடு, காற்றை உறிஞ்சு. உள்ளழுத்தம் வெளியைவிடக் குறைந்தால்தான் அரைக்கோளங்கள் டெக்கில் ஆடாமல் இருக்கும். பிறகு மடிப்பின்மேல் பியூட்டைல் ரப்பர் பட்டை, அதன்மேல் அகல பிவிசி டேப். மறுநாள் உள்ளழுத்தத்தைப் படி. ஏறியிருந்தால் கசிகிறது. ஆழத்தில் ஒரு கோளம் நொறுங்கினால் அந்த அதிர்ச்சியில் பக்கத்திலிருப்பதும் போகும், அதனால் ஒன்றுதானே என்று விடக் கூடாது.

பேட்டரி. பதிவியும் உணரியும் சேர்ந்து அரை வாட் எடுத்தால் ஓராண்டுக்கு 4.4 கிலோவாட்-மணி. டி அளவு அல்கலைன் செல் ஒன்றில் சுமார் 20 வாட்-மணி என்றால் 220 செல். கடல்தரை 2 பாகை குளிர், அதற்கும் சேர்த்து வைக்க வேண்டும். லித்தியம் செல்லில் மூன்றில் ஒரு பங்கு எண்ணிக்கை போதும், ஆனால் அது ஆபத்துப் பொருள் வகுப்பு 9. துறைமுகத்தில் காகிதம் சரியில்லை என்றால் கருவி கப்பலேறாது. சேமிப்பு பெரிய சிக்கல் இல்லை: நான்கு தடம், நொடிக்கு 100 மாதிரி, 24 பிட் என்றால் நாளுக்கு 104 மெகாபைட், ஆண்டுக்கு 38 ஜிகாபைட், சுருக்கினால் இன்னும் குறையும்.

உலோகங்கள். அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் நேரடியாகத் தொட்டால் கடல்நீரில் அலுமினியம் அரித்துப் போகும். இடையில் பிளாஸ்டிக் வாஷர், சட்டத்தில் துத்தநாகக் கட்டி. ஓராண்டில் ஒரு திருகு கரைந்து சட்டம் தளர்ந்தால் வடிகட்டி சொன்ன முனகல் இன்னொரு வடிவில் வரும்.

ரிலீஸ். பல வடிவமைப்புகளில் நங்கூர எடையைப் பிடித்திருப்பது மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகடு. கப்பலிலிருந்து ஒலிக் கட்டளை போனதும் தகட்டில் மின்னோட்டம் பாயும், கடல்நீரில் அது சில நிமிடங்களில் கரைந்து அறும். தகட்டின் மேல் பெயின்டோ கிரீஸோ பட்டிருந்தால் கரையாது. அதனால் கிரீஸ் கை வைத்தவர் ரிலீஸைத் தொடக் கூடாது. இறக்குமுன் கப்பலிலேயே, ஒலிக் கட்டளைக்குப் பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டரைச் சோதித்து, ஒவ்வொரு கருவியின் குறியீட்டையும் இரண்டு பேர் தனித்தனியே எழுதி ஒப்பிடுங்கள். குறியீடு மாறிப்போய் வேறு கருவியை எழுப்பிவிட்டால் கப்பல் இல்லாத இடத்தில் அது மேலே வரும்.

இறக்கம். நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் விழும், 3,500 மீட்டருக்கு ஒரு மணி நேரம். நீரோட்டம் சில நூறு மீட்டர் தள்ளிவிடும். போட்ட இடத்தின் ஜிபிஎஸ் எண்ணை நிலையத்தின் இடம் என்று எழுதுவது பெரிய பிழை. தரை தொட்டபின், நீராழத்துக்குச் சமமான ஆரத்தில் கப்பலைச் சுற்றவிட்டு, நேர் மேலேயும் ஒருமுறை கடந்து, தூரங்களை அளந்து இடத்தைக் கணக்கிட வேண்டும். நீரில் ஒலிவேகம் அன்றைய வெப்பநிலைப் பரவலிலிருந்து எடுக்க வேண்டும், 1,500 என்று பொத்தாம்பொதுவாகப் போடக் கூடாது. கருவி பதில் சொல்ல எடுக்கும் தாமதத்தையும் கழிக்க வேண்டும். 13 மில்லிநொடியை மறந்தால் ஒவ்வொரு தூரமும் 10 மீட்டர் கூடும்.

திசை. கருவி எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தது என்று யாருக்கும் தெரியாது. அதைத் தரவில்தான் கண்டுபிடிக்க வேண்டும், வடிகட்டி சொல்லட்டும்.

#13 வடிகட்டி

தொலைதூரப் பெருநடுக்கங்களின் ராலே அலையை (தரையின் மேற்பரப்பை ஒட்டிப் பரவுவது) எடுங்கள். அதன் செங்குத்து அசைவும் பரவல் திசையிலான கிடைமட்ட அசைவும் கால்சுழற்சி விலகியிருக்கும். கிடைமட்டத்தை ஒவ்வொரு பாகையாகச் சுழற்றி, எங்கே ஒப்புமை உச்சமோ அதுவே திசை. ஒரு நடுக்கம் போதாது. பல திசைகளிலிருந்து பத்துக்கு மேல் எடுத்து வட்டச் சராசரி போட்டால் சில பாகைப் பிழையில் நிற்கும். டிஎல்ஓபை என்ற நிரல் இதைத் தானாகச் செய்யும். விடை சரியாக 180 பாகை தள்ளி வந்தால் செங்குத்தின் குறி தலைகீழாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நீண்ட கால அலைகளைத் தொடுகிறவர்களுக்கு ஒன்று. கடல்மேல் ஓடும் நீளலைகளின் அழுத்தம் ஒரு எல்லைக்குக் கீழான அலைவெண்ணில் மட்டுமே தரைவரை எட்டும்: 1,000 மீட்டர் ஆழத்தில் 25 நொடிக்கு மேலான அலைகள், 3,500 மீட்டரில் 47 நொடிக்கு மேலானவை. அழுத்தப் பதிவைக் கொண்டு அந்தப் பங்கைச் செங்குத்திலிருந்து கழிக்கலாம். கருவி சாய்ந்து நிற்பதால் கிடைமட்ட இரைச்சல் செங்குத்தில் கலப்பதையும் அதே முறையில் கழிக்கலாம். முதலில் சாய்வு, பிறகு அழுத்தம். கீழைக்காற்றின் சின்ன நடுக்கங்களுக்கு இது தேவையில்லை.

#14 ஆழியான்

கடிகாரத்தை யாரும் தொடவில்லை. என் கணிப்பில் கடலடித் தரவை அதிகம் கெடுப்பது அதுதான்.

நீருக்கடியில் ஜிபிஎஸ் கிடையாது. நல்ல படிகக் கடிகாரமும் நாளுக்கு ஒரு மில்லிநொடி போல நகரும், ஆண்டில் 0.3, 0.4 நொடி. பி அலைக்கு அது 2 கி.மீ.க்குச் சமம். இறக்கும் முன் ஒருமுறை, எடுத்த பின் ஒருமுறை ஜிபிஎஸ்-ஓடு ஒப்பிட்டு, இடையில் நேர்கோடு போட்டுத் திருத்துவது வழக்கம். நேர்கோடு என்பது ஊகம். டெக்கில் 28 பாகை, தரையில் 2 பாகை. முதல் நாட்களில் கடிகாரம் வளைந்துதான் போகும்.

தரவை வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை: அருகருகே உள்ள இரு நிலையங்களின் சுற்றுப்புற இரைச்சலை, 0.1 முதல் 0.3 ஹெர்ட்ஸ் பட்டையில், நாள்தோறும் ஒன்றோடொன்று ஒப்புமை எடுங்கள். ஒப்புமை வரைபடத்தின் நேர்ப்பக்கமும் (அலை ஒரு நிலையத்திலிருந்து மற்றதற்குப் போவது) எதிர்ப்பக்கமும் (மறுதிசையில் வருவது) ஒரே திசையில் நகர்ந்தால் கடிகாரம் நகர்கிறது. இரண்டும் எதிரெதிராக நகர்ந்தால் தரையின் வேகம் மாறியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் மாறினால் இரைச்சல் வரும் திசை மாறியிருக்கலாம், அதைக் கடிகாரமாக நினைத்துத் திருத்தக் கூடாது. திடீரென்று சரியாக ஒரு நொடி குதித்தால் நெட்டாண்டு போல நெட்டுநொடி (லீப் செகண்ட்): 2012 ஜூன் 30, 2015 ஜூன் 30, 2016 டிசம்பர் 31. இவற்றைத் தாண்டிய எந்தக் கடலடித் தொகுப்பையும் அந்த நாளுக்கு முன்னும் பின்னும் பார்க்காமல் பயன்படுத்தாதீர்கள்.

#15 கரைவலை

இப்போது சில்லு அளவு அணுக் கடிகாரம் வந்துவிட்டதே. இன்னும் எதற்குப் படிகம்?

#16 திருகாணி

120 மில்லிவாட் எடுக்கும். ஓராண்டுக்கு 1 கிலோவாட்-மணி, அதாவது கடிகாரத்துக்கு மட்டும் 50 அல்கலைன் செல். நகர்வு பல மடங்கு குறையும், உண்மை. ஆனால் அணுக் கடிகாரத்துக்கும் முதுமை உண்டு, அந்த நகர்வும் நேர்கோடு அல்ல. எனவே ஆழியான் சொன்ன இரைச்சல் சோதனை அதற்கும் வேண்டும். நேரப் பிழை 10 மில்லிநொடிக்குள் வேண்டும் என்ற வேலைக்கு அணுக் கடிகாரம் பொருந்தும். ஆழம் அரை கிலோமீட்டர் பிழையில் போதும் என்றால் படிகமும் இரு முனைச் சரிபார்ப்பும் போதும்.

#17 கீழைக்காற்று

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஒன்றே ஒன்று: மேலே எடுக்கும்போது என்னிடம் ஒரு வேலையை ஒப்படைத்தால் எதில் அதிகக் கவனம் வேண்டும்?

#18 திருகாணி

கட்டளை அனுப்பியபின் தூரம் குறைகிறதா என்று பாருங்கள். பத்து நிமிடத்தில் குறையவில்லை என்றால் மறுபடி அனுப்ப வேண்டும். வண்டல் நங்கூரத்தைப் பிடித்திருந்தால் தகடு அறுந்தும் கருவி சிறிது நேரம் அசையாமல் இருக்கும், அதற்குள் கப்பலைக் கிளப்பவிடாதீர்கள். கிளம்பினால் 3,500 மீட்டரிலிருந்து ஏற ஒரு மணிக்கு மேல். இரவில் எடுப்பதுதான் எளிது, மின்னும் விளக்கு தூரத்திலேயே தெரியும். பகலில் ஆரஞ்சுக் கொடியும் ரேடியோ சிக்னலும். கப்பல் கருவியின் மேலே நிற்கக் கூடாது, சற்றுத் தள்ளி நிற்க வேண்டும்.

டெக்குக்கு வந்ததும் நன்னீரில் கழுவவேண்டும் என்று எல்லாரும் கை நீட்டுவார்கள். பேட்டரியைக் கழற்றவிடாதீர்கள். முதலில் ஜிபிஎஸ் கம்பியை மாட்டி, இரண்டாவது நேர ஒப்பீட்டை எடுத்து, அந்த எண்ணைக் கோப்பிலும் காகிதத்திலும் எழுதுங்கள். கருவி முந்துகிறதா பிந்துகிறதா என்று வார்த்தையிலும் எழுதுங்கள், வெறும் கூட்டல் கழித்தல் குறி போதாது. அதன்பின் தரவை இரண்டு வட்டுகளில் நகலெடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பிறகு மின்சாரத்தை நிறுத்தலாம்.